வீட்டு வைனும் பழசு மோகமும்

கிட் வாங்கி வீட்டில் வைன் செய்கிறவர்களிடையே ஒரு நம்பிக்கை, கேள்வி கேட்க ஆளில்லாமல் வளர்ந்திருக்கிறது. செய்த வைன் ருசிக்கவில்லையா? அவசரப்பட்டுத் திறந்துவிட்டாய், இன்னும் ஆறு மாதம் வை. ஆறு மாதம் போயும் ருசிக்கவில்லையா? ஒரு வருடமாவது வேண்டாமா? வருடம் போயும் அப்படியேதான் இருக்கிறதென்றால், நீ வாங்கிய கிட் சின்னது. அடுத்த முறை விலை கூடிய பெரிய கிட்டாக வாங்கி இரண்டு மூன்று வருடம் படுக்கப் போடு. எந்தப் பக்கம் விழுந்தாலும் தோற்காத ஆலோசனை இது. நன்றாக வந்தால் காத்திருப்பின் பெருமை, கெட்டுப்போனால் காத்திருக்காததன் குற்றம். தவறென்று நிரூபிக்க வழியே இல்லாத ஒரு கருத்தை அனுபவ அறிவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. கிட் வைன்களில் பெரும்பாலானவை இளமையில் குடிப்பதற்கென்றே அமைக்கப்பட்டவை. முதுமையைத் தாங்கும் வலு ஒரு வைனுக்குள் முதல் நாளே இருக்க வேண்டும். இல்லாத வலுவை அலமாரியில் கிடக்கும் காலம் கொண்டுவந்து சேர்க்காது. ஆகவே கிட்டைத் தேர்ந்துவிட்டு எத்தனை காலம் வைப்பது என்று கேட்பது தலைகீழ் வேலை. எப்போது குடிக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொண்டுதான் கிட்டைத் தேர வேண்டும்.

கிட் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு அட்டைப் பெட்டிக்குள் பதப்படுத்திய திராட்சைச் சாறும் செறிசாறும் கலந்த பெரிய பை ஒன்று இருக்கும். கூடவே சிறு பொதிகளில் ஈஸ்ட், பென்டோனைட் களிமண், பொட்டாசியம் மெட்டாபைசல்பைட், பொட்டாசியம் சோர்பேட், கலங்கலைத் தெளியவைக்கும் பொருள்கள், சிலவற்றில் ஓக் மரத்தூள் அல்லது சீவல். தண்ணீர் சேர்த்து 23 லிட்டராக்கி ஈஸ்ட்டைத் தூவினால், நொதித்து, தெளிந்து, நான்கு முதல் எட்டு வாரங்களில் ஏறக்குறைய 30 போத்தல் வைன் கிடைக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் போர்ட் கொக்விட்லமில் இயங்கும் வைன்எக்ஸ்பர்ட் போன்ற நிறுவனங்களால் இந்தத் தொழிலில் கனடாவுக்கு முக்கிய இடம் உண்டு. மதுவின் மீதான வரி அங்கே கனமாக இருப்பது இதற்கு ஊட்டமளித்த காரணங்களில் ஒன்று. வீட்டில் இடமில்லாதவர்கள் கடையிலேயே செய்துகொள்ளவும் ஒன்ராறியோவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் சட்டம் இடம் தருகிறது. ஈஸ்ட் இடுவதும் கடைசியில் போத்தலில் அடைப்பதும் வாடிக்கையாளரின் கையாலேயே நடக்க வேண்டும். ரொறன்ரோவில் வாழும் தமிழர்களுக்கும் எட்டிய தூரத்தில் இருக்கும் வசதிதான் இது.

பழசு என்றால் உயர்வு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? ஆதிகாலத்திலிருந்து வந்த ஞானம் என்று பலரும் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ரோமானியர்கள் ஃபலர்னியன் போன்ற சில வைன்களை மண்சாடிகளில் இறுக மூடி ஆண்டுக்கணக்கில் வைத்தது உண்மை, பொ.ஆ.மு. 121-ஆம் ஆண்டு அறுவடை பல தலைமுறைக்குப் பேசப்பட்டதும் உண்மை. ஆனால் மண்சாடி போய் மரப்பீப்பாய் வந்த பிறகு கதை மாறியது. பீப்பாயில் காற்றுப்பட்டு வைன் சீக்கிரமே புளித்துக் காடியானது. இடைக்கால இங்கிலாந்தில் இலையுதிர்காலத்தில் போர்டோவிலிருந்து கப்பல்கள் புது வைனோடு வந்து சேர்ந்ததும் பழைய வைனின் விலை சரிந்தது. இன்று நாம் தலைகீழாக நினைப்பதற்குக் காரணம், 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் உறுதியான கண்ணாடிப் போத்தலும் தக்கையும் சேர்ந்து கொடுத்த வாய்ப்பு. அந்த வாய்ப்பும் எல்லா வைனுக்கும் பலிக்கவில்லை. போர்டோவின் உயர்ந்த தோட்டங்கள், போர்த்துகலின் போர்ட், ஜெர்மனியின் ரீஸ்லிங் என்று சிலவற்றுக்குப் பலித்தது. அந்தச் சிலவற்றின் புகழைத்தான் மற்ற எல்லாமும் கடன் வாங்கிக்கொண்டன. பழைய அரிசிக்கு மதிப்புக் கொடுக்கும் நமக்கு இந்த மயக்கம் எளிதில் வரும். அரிசிக்குப் பொருந்துவது அதே கடையில் விற்கும் கடலை மாவுக்குப் பொருந்தாது என்பதும் நமக்குத் தெரியும். பிரித்தானிய வைன் அறிஞர் ஜான்சிஸ் ராபின்சனின் தோராயக் கணிப்பில், ஒரு வயதில் இருப்பதைவிட ஐந்து வயதில் கூடுதல் இன்பம் தரக்கூடியவை சிவப்பில் மேல்தட்டுப் பத்து சதவீதமும் வெள்ளையில் ஐந்து சதவீதமும்தான். உலகத்தின் வைன் முழுவதையும் வைத்துச் சொன்ன கணக்கு அது. அதில் கிட் வைன் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை ஊகிப்பது சிரமமில்லை. பிரான்சிலேயே, நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை விற்பனைக்கு வரும் போஜொலே நூவோ, அறுவடையான சில வாரங்களிலேயே குடிப்பதற்காகச் செய்யப்படுவது. அதைப் பத்து வருடம் வைத்துக் குடிப்பவரை யாரும் ரசிகர் என்று சொல்வதில்லை.

ஒரு சிவப்பு வைன் போத்தலுக்குள் முதிர்வது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது? திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கிய டானின்கள் ஒன்றோடொன்றும், தோலின் நிறமிகளான அந்தோசயனின்களோடும் மெல்ல இணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. நாக்கை இழுத்துப் பிடித்த துவர்ப்பு அடங்குகிறது, ஊதா கலந்த சிவப்பு செங்கல் நிறத்துக்குப் போகிறது, பழ வாசனை குறைந்து தோல், புகையிலை, காய்ந்த இலை போன்ற வாசனைகள் எழுகின்றன. இதற்குச் சிறிதளவு ஆக்சிஜன் வேண்டும். 1866-இல் வெளியான வைன் பற்றிய நூலில் லூயி பாஸ்டர் காட்டியது இதைத்தான்: வைனை முதுமையாக்குவது காற்றிலுள்ள ஆக்சிஜன், அளவாகப் பட்டால் முதிர்ச்சி, அளவு மீறினால் அழிவு. ஆக, முதிர்ச்சி என்பது இளமையில் மிகுதியாக இருந்த ஒன்றைச் செலவழிக்கும் காரியம். துவர்ப்பும் புளிப்பும் சாரமும் தாராளமாக இருந்த வைன், அவற்றில் கொஞ்சத்தை இழந்து அழகு பெறுகிறது. அவை குறைவாக இருந்த வைனுக்கு இழக்க என்ன இருக்கிறது? இருக்கிற பழ வாசனையைத்தான் இழக்கும். மீதியாக நிற்பது ஆல்கஹாலும் புளிப்பும் தண்ணீரும்.

இப்போது கிட்டுக்குள் இருக்கும் சாற்றைப் பார்ப்போம். வழக்கமான சிவப்பு வைன் தோலோடும் விதையோடும் ஒரு வாரம், இரண்டு வாரம், சிலவேளை அதற்கும் மேலாக ஊறி நொதிக்கிறது. டானின் இறங்குவது அந்த ஊறலில். சாதாரண சிவப்புக் கிட்டில் அந்தக் கட்டம் வீட்டில் நடப்பதேயில்லை. நிறமும் ஓரளவு டானினும் தொழிற்சாலையிலேயே எடுக்கப்பட்டு, சாறு வடிக்கப்பட்டு, வெற்றிடத்தில் தாழ்ந்த வெப்பநிலையில் தண்ணீர் நீக்கிச் செறிவாக்கப்பட்டு, கிருமி நீக்கப்பட்டுப் பைக்குள் வருகிறது. பத்து லிட்டர் கிட்டில் நாம் சேர்ப்பது பதின்மூன்று லிட்டர் தண்ணீர். செறிசாற்றிலிருந்து போன தண்ணீரை நாம் திருப்பிக் கொடுக்கிறோம் என்பது நியாயமான விளக்கம்தான், அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆனால் சாறு தண்ணீரை மட்டும் இழந்து வருவதில்லை. எளிதில் ஆவியாகும் வாசனைகளில் ஒரு பங்கையும் இழக்கிறது. அதோடு, தயாரிப்பாளரின் நோக்கத்தையும் பார்க்க வேண்டும். நான்கு வாரத்தில் தெளிந்து, சில மாதங்களில் வாய்க்கு இதமாக இருக்க வேண்டும் என்று அமிலமும் துவர்ப்பும் முன்கூட்டியே சமன்படுத்தப்படுகின்றன. பல பகுதிகளின், பல அறுவடைகளின் சாறுகள் கலக்கப்படுகின்றன, சென்ற வருடம் வாங்கிய கிட்டும் இந்த வருடக் கிட்டும் ஒரே மாதிரி வர வேண்டும் என்பதற்காக. அதனால் வீட்டு லேபிளில் நாம் பெருமையாக அச்சிடும் ஆண்டு, போத்தலில் அடைத்த ஆண்டே தவிர அறுவடை ஆண்டு இல்லை. இளமையில் கூர்மை இல்லாமல் திட்டமிட்டே செதுக்கப்பட்ட ஒன்றை, கூர்மை மழுங்கட்டும் என்று அலமாரியில் வைப்பதில் பொருள் இல்லை.

வெள்ளை வைனில் வாதம் இன்னும் எளிது. இளம் வெள்ளை வைனில் நாம் விரும்பும் வாழைப்பழ, பேரிக்காய் வாசனைகள் பெரும்பாலும் ஈஸ்ட் உண்டாக்கிய எஸ்டர்களால் வருபவை. அவை போத்தலுக்குள் அமிலத்தின் தூண்டலில் தண்ணீரோடு வினைபுரிந்து உடைகின்றன. ஓரிரு வருடத்தில் அந்தப் புத்துணர்ச்சி கண்கூடாகக் குறையும். சோவின்யோன் பிளாங்குக்கு அதன் பாஷன் பழ மணத்தைத் தரும் கந்தகச் சேர்மங்களில் முக்கியமான ஒன்று முதல் வருடத்துக்குள்ளேயே பெருமளவு கரைந்துவிடும். பினோ கிரிஜியோவுக்கு அந்த அளவுக்கு இழக்க மணமே கிடையாது. ரீஸ்லிங்கைக் காட்டி மறுப்பார்கள்: அது இருபது வருடம் நிற்கிறதே? நிற்கிறது, அதன் இயல்பான உயர்ந்த அமிலத்தாலும், நல்ல தோட்டங்களில் குறைந்த விளைச்சலில் கிடைக்கும் சாரத்தாலும். முதிர்ந்த ரீஸ்லிங்கில் எழும் மண்ணெண்ணெய் போன்ற மணத்தைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. அது அந்த அமிலத்தின் முதுகெலும்போடு வந்தால்தான் கொண்டாட்டம். பழச்சுவை சேர்த்த, ஆல்கஹால் குறைந்த ஐலண்ட் மிஸ்ட் வகையறாக்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவை தெளிந்த வாரமே குளிரவைத்துக் குடிக்க வேண்டியவை.

யாரும் அதிகம் பேசாத இன்னொரு விஷயம் உண்டு. கிட்டுக்கு வயது கூடத் தொடங்குவது ஈஸ்ட்டைத் தூவும் நாளில் அல்ல; பெட்டி தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும் நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது. செறிசாறு என்பது சர்க்கரை, அமிலம், அமினோ அமிலங்கள் அடர்ந்த கரைசல். அறை வெப்பத்தில் கிடந்தால் அதில் பழுப்பாக்கும் வினைகள் நடந்துகொண்டே இருக்கும். நிறம் கருக்கும், வெல்லப்பாகு போன்ற ஒரு சாயல் மணத்தில் ஏறும். பலர் குறைபட்டுக்கொள்ளும் 'கிட் சுவை'க்கு இது ஒரு முக்கியமான காரணமாக இருக்க முடியும். இந்த வினை பின்னோக்கி நடப்பதில்லை. கடை அலமாரியில் ஒரு கோடை முழுக்கக் கிடந்த கிட்டில் செய்த வைனை இன்னொரு வருடம் வைத்தால் அந்தப் பாகுச் சாயல் போகும் என்று எதிர்பார்ப்பது, நடந்துகொண்டிருக்கும் தேய்வுக்குக் கூடுதல் நேரம் கொடுப்பது. தள்ளுபடி விலையில் பழைய பெட்டியை வாங்கி வந்து 'பரவாயில்லை, எப்படியும் வைக்கத்தானே போகிறோம்' என்கிறவர் இரண்டு பக்கமும் இழக்கிறார். கிட் தேர்வில் முதல் விதி நாட்டின் பெயரோ திராட்சையின் பெயரோ இல்லை. பெட்டியின் மீதுள்ள தேதிக்குறி. அதைப் படிக்கத் தெரியாவிட்டால் கடைக்காரரிடம் கேட்கலாம், அவர் கடமைப்பட்டவர்.

தயாரிப்பாளர்களின் அறிவுறுத்தல் தாளே நம் பக்கம் சாட்சி சொல்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் வைக்கப் போகிறீர்களென்றால், அடைப்பதற்கு முன் 23 லிட்டருக்குக் கால் தேக்கரண்டி, அதாவது 1.5 கிராம், மெட்டாபைசல்பைட் கூடுதலாகச் சேருங்கள் என்ற குறிப்பு கிட்களோடு வருவது வழக்கம். பெட்டியில் தந்த அளவு ஆறு மாதத்துக்கு மேல் காக்கும் என்று தயாரிப்பாளரே உறுதி கூறவில்லை என்பதுதான் அதன் பொருள். அந்த 1.5 கிராம் லிட்டருக்கு ஏறக்குறைய 37 மில்லிகிராம் கந்தக டைஆக்சைடைச் சேர்க்கும். அது போதுமா என்பது வைனின் பி.எச். அளவைப் பொறுத்தது: 3.2-இல் சுமார் 21 மில்லிகிராம் கட்டற்ற கந்தக டைஆக்சைட் தரும் காவலை, 3.6-இல் பெற 50-ஐத் தொட வேண்டும். பி.எச். அளக்கும் கருவியும் கந்தக டைஆக்சைட் சோதனையும் எத்தனை வீடுகளில் இருக்கின்றன? அளவு தெரியாமல் மூன்று வருடம் வைக்கச் சொல்வது குருட்டு ஆலோசனை. சோர்பேட் இன்னொரு சங்கடம். அது ஈஸ்ட்டைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் தடுக்கிறது. இனிப்புச் சேர்த்த வைன் போத்தலில் மீண்டும் நொதிக்காமலிருக்க அது தேவை. ஆனால் நாளடைவில் ஆல்கஹாலோடு சேர்ந்து எதில் சோர்பேட் என்ற பொருளாகி, அன்னாசி, செலரி கலந்த வேற்று மணத்தைக் கொடுக்கக்கூடும். லாக்டிக் பாக்டீரியா நுழைந்துவிட்டாலோ சோர்பேட்டிலிருந்து எழும் ஜெரானியம் இலை நாற்றத்தை எத்தனை வருடமும் போக்காது. இளமையில் குடிக்கும் வைனுக்குப் பாதுகாப்பாக இருந்த பொருளே நெடுங்கால வைப்பில் சுமையாகிறது.

எதிர்வாதங்களுக்கு வருவோம். மிக வலுவானது அனுபவத்திலிருந்து வருவது: 'முதல் மாதம் குடித்தபோது கடுமையாக இருந்தது, எட்டாம் மாதம் அருமையாக இருந்தது, கடைசிப் போத்தல்தான் எல்லாவற்றிலும் சிறந்தது.' இதை அப்படியே தள்ள முடியாது, ஏனென்றால் இதில் பாதி உண்மை. அடைத்த புதிதில் வைனில் கந்தக வாடை துருத்திக்கொண்டிருக்கும். சில வாரங்களில் அது மற்றப் பொருள்களோடு பிணைந்து அடங்கும். அடைக்கும்போது ஏற்பட்ட குலுக்கலும் காற்றும் தணியும். ஓக் சீவலின் மரவாசனை பழத்தோடு கலந்து உட்காரும். இவை மூன்று மாதத்தில், கனமான சிவப்புக்கு ஆறு அல்லது எட்டு மாதத்தில் முடிந்துவிடும் காரியங்கள். இது தணிதல், முதிர்ச்சி என்பது வேறு. தணிந்ததைக் கண்டு, எட்டு மாதத்தில் இவ்வளவு என்றால் மூன்று வருடத்தில் எவ்வளவு என்று கோட்டை நீட்டிப் போடுவதில்தான் பிழை. ஏறுகிற கோடு ஏறிக்கொண்டே இருக்கும் என்பதற்கு வேதியியலில் ஆதாரம் இல்லை. மேட்டைத் தொட்டதும் அது இறங்குகிறது.

மற்றப் பாதி இன்னும் சுவாரசியமானது. இளம் கிட் வைனின் கடுமைக்குப் பெரிய காரணம் கரைந்திருக்கும் கரியமில வாயு. நான்கு வாரத்தில் முடித்து அடைக்கும் வேகத்தில், வாயுவை வெளியேற்றக் கலக்கும் கட்டத்தில் அலட்சியம் நடக்கிறது. குளிர்ந்த பேஸ்மென்ட்டில் கலக்கினால் வாயு வெளியேறவும் மாட்டாது. நாக்கில் சுருக்கென்று குத்தும் அந்தப் புளிப்பைப் 'பச்சை' என்று பெயரிட்டுக் காலத்திடம் ஒப்படைக்கிறார்கள். தக்கையிட்ட போத்தலில் அந்த வாயு எங்கே போகும்? காற்றுப்பூட்டு மாட்டிய பெரிய குடுவையில் இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் மெல்ல வெளியேறியிருக்கும். அடைத்த பிறகு பெரும்பாலும் அங்கேயே இருக்கும். நன்றாக வாயு நீக்கிய வைனையும் நீக்காத வைனையும் பக்கத்தில் வைத்து ருசித்தால், ஒரு வருடக் காத்திருப்பு என்று நினைத்த வித்தியாசத்தில் எவ்வளவு அந்த அரைமணி நேர வேலையில் அடங்கியிருக்கிறது என்று தெரியும். செயல்முறைக் குறையைக் காலம் திருத்தும் என்று நம்பியதால் பலர் அந்தக் குறையைத் திருத்தக் கற்றுக்கொள்ளவே இல்லை. பழசு மோகம் செய்த கெடுதல்களில் இதைத்தான் பெரிதாகச் சொல்வேன்.

'கடைசிப் போத்தல்தான் சிறந்தது' என்ற சாட்சியத்தைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்யவும் வேண்டும். எட்டு மாதத்துக்கு முன் குடித்ததன் ருசி எங்கே இருக்கிறது? நினைவில். நாக்கின் நினைவைப் போல நம்பமுடியாத சாட்சி வேறில்லை. அதுவும் கடைசிப் போத்தல் என்று தெரிந்தே திறக்கும்போது, அருமை இருமடங்காகத் தெரிவது மனித சுபாவம். நேர்மையான சோதனை வேண்டுமென்றால் அதே கிட்டை ஒரு வருட இடைவெளியில் இரண்டு முறை செய்து, பழையதையும் புதியதையும் பெயர் மறைத்து ஒரே மேசையில் வைக்க வேண்டும். மூன்று கிளாஸ், இரண்டில் ஒன்று, ஒன்றில் மற்றொன்று. எது தனித்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு பங்கு சரியாகிவிடும் என்பதால், நான்கைந்து பேர் பல முறை செய்ய வேண்டும். வேறுபாட்டைக் கண்டவர்களிடம் பிறகு எது பிடித்தது என்று கேளுங்கள். கிட்கள் ஒரே மாதிரி வரும்படி தயாரிக்கப்படுவதால், தோட்டத்து வைனில் செய்யமுடியாத இந்தச் சோதனை கிட் வைனில் சாத்தியமாகிறது. மூன்று வருடக் காத்திருப்பை வலியுறுத்துகிறவர்கள் இதைச் செய்துவிட்டு வந்து பேசினால் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அடுத்த எதிர்வாதம், பெரிய கிட்களைப் பற்றியது. பதினாறு, பதினெட்டு லிட்டர் சாறும், கூடவே நொறுக்கிய திராட்சைத் தோல் பொதியும், ஓக்கும் வரும் அமரோனி, கபர்னே சோவின்யோன் போன்ற கிட்கள் வைப்பைத் தாங்கும் என்கிறார்கள். தாங்கும். இதை மறுக்க வேண்டியதில்லை. தோலோடு நொதிக்கும்போது டானின் இறங்குகிறது. கூடுதலான சாரம் இருக்கிறது. ஒரு வருடம் கழித்துத் திறப்பது நல்ல முடிவு, கவனமாகக் காத்திருந்தால் இரண்டாம் வருடத்திலும் மேம்படலாம். போர்ட் பாணியில் இனிப்பும் ஆல்கஹாலும் கூடிய கிட்கள் அதற்கும் மேலாகவே நிற்கும். நான் சொல்லும் முறையும் இதைத்தான் கேட்கிறது: இரண்டு வருடம் கழித்துக் குடிக்க வைன் வேண்டுமென்றால் இதை வாங்குங்கள். ஆனால் இந்த விதிவிலக்கைக் காட்டி எல்லாக் கிட்டுக்கும் விதி செய்யக்கூடாது. விலை கூடியது எப்போதும் நல்லது என்பதும் இதிலிருந்து பெறப்படாது. தோல் பொதியுள்ள பெரிய கிட்டைச் செய்து மூன்றாம் மாதம் கலியாண வீட்டுக்குக் கொண்டுபோகிறவர், பத்து லிட்டர் மெர்லோ செய்தவரைவிடக் கூடக் காசு கொடுத்துக் கடுமையான வைனைப் பரிமாறுகிறார். தூள் டானினை வாங்கிச் சின்னக் கிட்டில் கொட்டினால் வயது தாங்குமே என்பார்கள். துவர்ப்பு கூடும், அதற்கு ஈடுகொடுக்கும் பழச்சாரம் கூடாது. பழம் போன பிறகும் துவர்ப்பு நிற்கும், அவ்வளவுதான்.

காத்திருப்பை வாழ்த்துகிறவர்கள் எங்கே காத்திருக்கச் சொல்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. முதிர்ச்சி பற்றிய புத்தகக் கணக்குகள் எல்லாம் 12, 13 பாகை செல்சியசில் இருட்டில் அசையாமல் கிடக்கும் நிலவறைகளை வைத்துப் போடப்பட்டவை. வெப்பம் பத்துப் பாகை ஏறினால் பல வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அடுக்குமாடி வீட்டின் உடுப்பு அலமாரியில், அல்லது வெப்பமூட்டி ஓடும் பேஸ்மென்ட்டின் மூலையில் 23, 24 பாகையில் கிடக்கும் போத்தலுக்கு ஒரு வருடம் என்பது நிலவறையின் இரண்டு வருடம். அதுவும் சுருக்கப்பட்ட நல்ல இரண்டு வருடமாக அமையாது. எல்லா வினைகளும் ஒரே விகிதத்தில் விரைவதில்லை, பழுப்பாகும் வினைகள் முந்திக்கொள்ளும். நிறமில்லாத போத்தலில் வெள்ளை வைனை வெளிச்சம் படும் அலமாரியில் அழகுக்காக அடுக்கினால், ஒளிபட்டு உண்டாகும் கந்தக நாற்றம் வேறு. பழைய போத்தல்களில் மலிவான தூள்தக்கையை அடித்துவிட்டு ஐந்து வருடக் கனவு காண்பது, தக்கை அனுமதிக்கும் காற்றை மறந்த கனவு.

அப்படியென்றால் எதை வாங்குவது? நாட்காட்டியை முதலில் எடுங்கள். மூன்று மாதத்துக்குள் விருந்து என்றால் மணமுள்ள இளம் வெள்ளை, ரோஸே, அல்லது பத்து லிட்டர் அளவிலான மென்மையான சிவப்பு. ஆறு மாதம் முதல் ஒன்றேகால் வருடத்துக்குள் மெல்லக் குடித்துத் தீர்ப்பதென்றால் நடுத்தரக் கிட், ஓக் உள்ளதாக இருந்தால் நல்லது. அதற்குமேல் என்றால் மட்டும் தோல் பொதி, கூடுதல் சல்பைட், நல்ல தக்கை, குளிர்ந்த இடம். நான்கும் சேர்ந்தே வேண்டும், ஒன்று குறைந்தாலும் திட்டத்தைக் கைவிடுவது நல்லது. எந்தச் சாப்பாட்டோடு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் கூட்டிக் காட்டும், கனத்த டானின் அதோடு மல்லுக்கட்டும். யாழ்ப்பாணத்து நண்டுக் கறிக்கும் ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கும் நடுவே வைக்க, கனத்த கபர்னேயைவிட லேசான இனிப்போடு குளிர்ந்த ரீஸ்லிங்கோ கெவுர்ட்ஸ்ட்ரமினரோ பொருத்தம். இரண்டும் கிட்டில் இளமையிலேயே நன்றாக இருப்பவை. நம் மேசைக்கு ஏற்ற வைனைத் தேடினால், பழசு மோகத்துக்கு வேலையே இல்லாமல் போகிறது.

கடைசியாக ஒரு எதிர்வாதம் மிச்சமிருக்கிறது: 'நான்கே வாரத்தில் தயார்' என்ற விளம்பரத்தின் அவசரத்தை எதிர்க்கத்தானே காத்திருக்கச் சொல்கிறோம்? விளம்பரம் மிகையானது என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. நான்கு வாரத்தில் அடைக்கலாம், குடிக்க உகந்ததாகாது. ஆனால் அவசரத்துக்கு மாற்று, அடைத்த பின் ஆண்டுக்கணக்கில் கிடத்துவது ஆகாது. தாளில் போட்ட நான்கு வாரத்தை எட்டாகவோ பத்தாகவோ நீட்டி, குடுவையை விளிம்புவரை நிரப்பி, வாயு நீங்கி, தானாகத் தெளிந்த பிறகு அடைப்பதே மாற்று. பொறுமை தேவைப்படும் இடம் குடுவை; போத்தலில் அதன் பங்கு சில மாதம்தான். இந்த வரிசையை மாற்றிப் போட்டதால்தான் எத்தனையோ வீடுகளில் நல்ல வைன் நல்ல பருவத்தைத் தாண்டிப் போய்க் கிடக்கிறது. உங்கள் பேஸ்மென்ட்டில் பத்து லிட்டர் கிட்டில் செய்த வெள்ளை வைன் ஒரு வருடத்துக்கு மேலாக இருக்கிறதென்றால், அதை அடுத்த வருடத்துக்கு வைக்காதீர்கள். இந்த வாரமே திறந்துவிடுங்கள்.